வளைந்த வால்

செவ்வாய், அமாவாசை

காலையிலிருந்தே புழுக்கம். பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தங்கை செல்வியும் மாப்பிள்ளை குமாரும் மேல்மலையனூருக்குக் கிளம்பிவிட்டார்கள். மரக்காணத்தில் இறால் குட்டை போட்ட முதல் வருடம், வேண்டுதல். நாளை மதியம்தான் திரும்புவார்களாம்.

புதன்

கடும் வெயில். சாப்பிடும்போது குமாரிடமிருந்து போன்.

"மச்சான், பேஜாரா பூட்ச்சு. தீனித் தட்டத் தூக்கினா எறாலெல்லாம் வளைஞ்சிக்கினு கெடக்குது. வாலு நிமிரவே இல்ல. நோய்தான். காலைல வியாபாரி வண்டி வருது, மொத்தமா வாரிடறேன்."

பாதி வளர்ந்த இறால். இப்போது வாரினால் செல்வியின் உழைப்பு போச்சு. நோயாக இருந்து வாராவிட்டாலும் போச்சு.

குட்டைக்குள் கயிற்றில் இறக்கி வைக்கும் அந்தத் தட்டை எப்போது தூக்கினீர்கள் என்றேன். தினமும் விடியலில்; இன்று கோயிலிலிருந்து வந்ததும், உச்சி வெயிலில். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

மாலை திண்டிவனத்தில் பஸ் பிடித்துப் போனேன். கரையில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வது போலவே விளக்கினேன். இறாலுக்கு முன்னே நீந்த வயிற்றடிக் கால்கள், துடுப்பு மாதிரி. மிரண்டால் வால்: விசிறியாக விரித்து, வயிற்றுப் பக்கம் ஒரே மடக்கு, பின்னால் ஒரு பாய்ச்சல். வெயில் சூட்டில் வெளியே தூக்கினால், மடக்கிய தசை அப்படியே பிடித்துக்கொள்ளலாம், நமக்குக் கெண்டைக்கால் இழுப்பது போல.

"விடியக்காலம் குளிர்ச்சில தூக்கிப் பாக்கலாம் மாப்ளே."

"வாத்தியாருக்கு, எறாலும் மறுபரீட்சைல பாஸாயிடும்னு நெனப்பு" என்றார் குமார்.

செல்வி சிரிக்கவில்லை. "நிச்சயமாத் தெரியுமாண்ணே?"

தெரியாது என்றேன். தண்ணீரில் தாது உப்பு குறைந்தாலும் இப்படி ஆகும். நான் படித்தவன், அவ்வளவே. குட்டை அவளுடையது.

வியாழன்

விடியல். லேசான கடல் காற்று. கரையில் வண்டி, ஐஸ் பெட்டிகள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலை ஆட்கள் தயார். குமார் தட்டுக் கயிற்றைத் தொடவே இல்லை. செல்விதான் இழுத்தாள்.

படபடவென்று வால்கள். ஒன்று என் மூக்குக் கண்ணாடியில் அடித்துவிட்டுத் தண்ணீருக்குள். இரண்டு மட்டும் வளைந்தபடியே.

"அந்த ரெண்டு?" குமார்.

"மீதி குதிக்குதில்ல? வண்டிய அனுப்பிடுங்க" என்றாள் செல்வி.

வியாபாரிக்குக் கோபம். "நாளைக்கு எறாலு செத்து மெதந்தா எனக்குப் போன் போடாதம்மா."

வண்டி போன பிறகு செல்வி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் பாக்கணும். நீ இங்கயே இருண்ணே."

சரி என்றேன். மாற்று வேட்டி கொண்டுவரவில்லை.