பவர் பத்திரத்தில் உங்கள் அத்தர் வாசம்

மச்சான், இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், சொன்னேன்.

காலையில் பீரோவைத் திறந்து அந்தப் பவர் பத்திரத்தை எடுத்தேன். உங்கள் அத்தர் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன்.

கடைசியாக லீவில் வந்தபோது, சுரக்குடி மனையை உங்கள் சார்பில் விற்கும் அதிகாரத்தை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தீர்கள். என் கையெழுத்தைப் பார்த்துப் பதிவு அதிகாரியே அசந்துபோனார். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "பவரை வச்சு ஊரையே வித்துடாதீங்க மச்சான்" என்றீர்கள். அன்றிலிருந்து தெருவில் யாருக்குச் சட்டச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். வராதவர்களிடம் நானே போவேன்.

நீங்கள் துபாயில் மவுத்தாகி, வீட்டில் அழுகை ஓயவில்லை. அதற்குள் புரோக்கர் வந்துவிட்டான். தங்கை இத்தாவில், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதால் அவன் வாசலிலேயே நின்றான்.

"பவர் உங்க கையில இருக்கு பாய். அவர் மவுத்தானது பதிவு ஆபீசுக்கா தெரியப்போவுது? நாளைக்கே முடிச்சிடுவோம்."

என் கை பேனாவைத் தேடியது. ஆனாலும் நாளைக்கு வா என்று அவனை அனுப்பிவிட்டு, நேரே கோர்ட் வாசலுக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்தப் பவரும் செத்துவிடும். தெரிந்தே கையெழுத்துப் போட்டால் விற்பனை செல்லாது, மோசடி வழக்கும் வரும் என்றார் வக்கீல். எனக்கும் அதே அபிப்பிராயம்தான், அவர் கொஞ்சம் முந்திக்கொண்டார். முதலில் இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று. அதற்கப்புறம் வாரிசுகள் எல்லாரும் சேர்ந்தால்தான் விற்க முடியும். உங்கள் சின்ன மகள் மைனர் என்பதால் அவள் பங்கைத் தொடக் கோர்ட் அனுமதி வேண்டும்.

இதை அப்படியே தங்கையிடம் சொன்னேன்.

"நானா, நீங்க எட்டாங்கிளாசையே ரெண்டு தரம் படிச்சவங்க. ஊருக்குச் சட்டம் சொன்னது போதும். கையெழுத்தப் போட்டு வுடுங்க. எனக்கு அந்த மனையே வேணாம்" என்றாள்.

மச்சான், என் ஆயுளில் முதல் தடவையாக நான் சொன்னது அத்தனையும் சரி. அன்றைக்குப் பார்த்து நம்ப ஆளில்லை. வாசலில் மறுபடி வந்து நின்ற புரோக்கர் செருமினான். கையெழுத்தைப் போட்டுவிட்டால் நாளைக்குக் கோர்ட் படியேறப் போவது அவளும் பிள்ளைகளும்தான்.

"உன் மாப்பிள்ளை கடைசியா போன் பண்ணப்ப ஒண்ணு சொன்னாரு. எனக்கு ஏதாவது ஆயிட்டா அந்தப் பவரைத் தொடாதீங்க, பிள்ளைங்களுக்கே போவட்டும்னாரு" என்றேன்.

"அவங்களா சொன்னாங்க?" என்றாள். பிறகு, "அப்ப அவனைப் போவச் சொல்லுங்க."

வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. துஆ செய்ய வருகிற பெண்களிடமெல்லாம் நீங்கள் சொன்னதாக அதையே சொல்லி அழுகிறாள். நான் செத்துப்போன பவரைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த போனில் நீங்கள் மனையைப் பற்றிப் பேசவே இல்லை. காரைக்கால்மேட்டில் கொடுவா மீன் வருகிறதா என்று கேட்டீர்கள். ஆள் உயரத்துக்கு வருகிறது என்றேன். அதையும் நம்பி, ஊருக்கு வரும் நாளுக்கு ஒன்று சொல்லி வைக்கச் சொன்னீர்கள்.