ஓர் உறுப்பினர் கூறியதாவது

ஜூன் 4, செவ்வாய்

மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதை எழுதுவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தும் எழுதுகிறாளே, அதுவும் தன்னைப் பற்றி என்று யாராவது நினைத்தால் நியாயம்தான். அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறேன்.

வேலை பார்ப்பது மரபுக் காப்பு மன்றத்தில். லாப நோக்கம் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை. மாடிப்படி ஏறினால் ஒரு நீள மேசை, பதினான்கு நாற்காலிகள், சுவரில் கொள்கை வாசகம்: 'இருப்பது இருக்கட்டும்.' நகராட்சி எதையாவது மாற்றப் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், நாங்கள் மனு எழுதுவோம். தேர்தல் வந்தால் வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, குடும்பம், ஒழுங்கு, மரபு என்று மூன்று தலைப்பில் மதிப்பெண் போட்டு வீடு வீடாகக் கொடுப்போம். போன முறை ஒருவருக்கு ஒழுங்கில் பூஜ்யம் போட்டோம். அவர்தான் ஜெயித்தார்.

பதினோரு நேர்முகத் தேர்வுகளில் 'கொஞ்சம் சத்தமாப் பேசும்மா' என்று சொல்லியே அனுப்பிவிட்டார்கள். இங்கே தலைவர், "இந்தப் பொண்ணு பேசுறதே கேக்கல. நமக்குப் பொருத்தமா இருப்பா" என்றார். அந்த நன்றி எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அதற்கு ஒரு வேலை கிடைக்காமல் போயிருந்தால், படித்ததே தப்பு என்று ஆகியிருக்கும்.

அரைப் பக்கம் தாண்டிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

சனிக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பைத் தலைவரிடம் காட்டினேன். தலைவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எந்தக் காகிதத்தையும் படிப்பதற்கு முன் கையில் எடை பார்ப்பார்.

"மெலிசா இருக்கேம்மா" என்றார்.

நடந்ததே அவ்வளவுதான். 'மாலை இல்லத்தில்' என்ற தலைப்பில் அவர் ஒரு புது மனுவை வாசித்தார். குடும்பங்கள் மாலையில் ஒன்றாக உட்கார வேண்டும். அதற்காக விளையாட்டுத் திடலின் விளக்குகளை ஆறு மணிக்கு அணைக்க வேண்டும், பொது நூலகத்தின் வாசிப்பறையை ஆறு மணிக்கு மூட வேண்டும். பதினான்கு பேரில் மூவர் தூங்கினார்கள். இருவர் மின்விசிறி வேகத்தைப் பற்றித் தகராறு செய்தார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"குறிப்பையும் மனுவோட சேர்த்துத்தான் நகராட்சிக்கு அனுப்புறோம். விவாதமே நடக்கலைன்னு நினைச்சுடுவாங்க. யாராவது ஏதாவது முணுமுணுத்திருப்பாங்க, ஞாபகப்படுத்திப் பார்த்து ரெண்டு வரி சேர்த்துடு."

எங்கள் குறிப்பில் பெயர்கள் கிடையாது. தனிமனிதப் புகழ் நம் மரபு அல்ல என்று மன்ற விதி. யார் என்ன சொன்னாலும் 'ஓர் உறுப்பினர் கூறியதாவது' என்றுதான் எழுத வேண்டும்.

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். யாரும் முணுமுணுக்கவில்லை. நான்தான் முணுமுணுத்தேன், மனதுக்குள்.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் வீடு ஒன்றரை அறை. அந்த அரையில்தான் சமையல். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன் போக வேண்டும் என்பதால் ஏழரைக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார். குறை சொல்ல மாட்டேன். அந்தத் தூக்கத்தில்தான் வீடு ஓடுகிறது. நான் பட்டத்துக்குப் படித்தது முழுக்க வாசிப்பறையில், ஒன்பது மணிக்கு நூலகர் சாவிக்கொத்தை ஆட்டும் வரை. இப்போது அங்கே தங்கை உட்கார்ந்திருக்கிறாள். செப்டம்பரில் அவளுக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு.

ஆறு மணிக்கு மூடினால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதிலும் அம்மாவின் பாத்திரச் சத்தம்.

ஜூன் 8, சனி

எழுதிவிட்டேன். 'ஓர் உறுப்பினர் கூறியதாவது: வாசிப்பறை அறுபது ஆண்டுகளாக ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. அதை ஆறுக்கு மூடுவது ஒரு மாற்றம். மாற்றத்தை எதிர்க்கும் மன்றமே மாற்றத்தைக் கோரலாமா?'

எழுதிய கை என்னுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜூன் 15, சனி

கூட்டம் தொடங்கும்போது சென்ற குறிப்பைத் தலைவர் உரக்க வாசிப்பது வழக்கம். யாரும் கேட்காததும் வழக்கம். இன்று அந்த வரிக்கு வந்ததும் தலைவரே நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார். அறை அமைதியானது. அந்த அமைதியில் தூங்கிக்கொண்டிருந்த மூவரும் விழித்துக்கொண்டார்கள்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். நோயாளியின் வியாதியைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லும் குரல் அவருக்கு. "இப்ப கேக்கும்போதும் நான் சொன்னது சரின்னுதான் படுது" என்றார்.

"நீங்களா சொன்னீங்க? நான்தானே சொன்னேன்?" என்றார் கணக்கு வாத்தியார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு தனிமனிதப் புகழ் பற்றிய விதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். யார் சொன்னால் என்ன, மன்றத்தின் குரல் அது என்று இரண்டு பேருமே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். யாருடையதை யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? நான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

பல் டாக்டரம்மா மட்டும் பேசுபவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்றத்தில் இருக்கும் ஒரே பெண் உறுப்பினர் அவர்.

ஜூன் 16, ஞாயிறு

இது பொய்தானே. பொய்தான்.

ஜூன் 19, புதன்

இரண்டாவது பொய்யையும் எழுதிவிட்டேன். 'வீட்டில் விளக்கெரிய இடம் இல்லாத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் குடும்பம் ஒன்றுசேராது. உழைத்துவிட்டு வந்தவரின் தூக்கம்தான் கெடும் என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார்.' சுட்டிக்காட்டினார் என்ற சொல்லுக்கு நல்ல கனம் இருக்கிறது. வாழ்க்கையில் நான் எதையும் சுட்டிக்காட்டியதில்லை. கடையில் கெட்ட தக்காளியைக்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஜூலை 6, சனி

இன்று யாருமே தூங்கவில்லை. மன்றத்தில் இப்படி நடந்ததே இல்லையாம். "அந்த உறுப்பினர் இந்தத் தடவை என்ன சொல்லியிருக்கார்னு பார்ப்போம்" என்று இரண்டு பேர் கால் மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசித்து முடித்ததும் கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானும் அண்ணன் தம்பி ஐந்து பேரோடு ஒரே விளக்கில் படித்தவன் என்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர்கள். ஏமாற்றுவதற்கு ஒரு கெட்ட சங்கமாகப் பார்த்து வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

ஜூலை 9, செவ்வாய்

அப்பாவின் கையில் அடுப்புச் சூடு. களிம்பு வாங்கப் போனேன். மருந்துக்கடையில் ஆறு பேர் வரிசை. கடைக்காரர் இருமலுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபடியே, வாசிப்பறையை ஏன் மூடக் கூடாது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் எனக்கும் விளக்கினார். என் வாக்கியத்தையே என்னிடம் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு. நான் திருத்தவில்லை. "ஆமாங்க" என்றேன்.

வழியெல்லாம் எரிச்சல். திருடியவளுக்கே திருட்டுப் போனால் எங்கே போய்ச் சொல்வது?

ஜூலை 20, சனி

இன்று வாக்கெடுப்பு நடக்க வேண்டிய நாள். நடக்கவில்லை.

தலைவர் எழுந்து, குறிப்பில் இரண்டு ஆட்சேபங்கள் இருக்கின்றன, அதனால் தனக்கே தூக்கம் வரவில்லை என்றார். ஆனால் ஆட்சேபம் என்றால் விதிப்படி ஒருவர் எழுந்து நின்று அதைத் தாங்கிப் பேச வேண்டும். "சொன்னவர் யாரோ, இன்னிக்கு மட்டும் அடக்கத்தை விட்டுட்டு எழுந்திருங்க."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். பல் டாக்டரம்மா சாந்தமாக, "அந்த வாசிப்பறையில ராத்திரி எத்தனை பிள்ளைங்க உட்கார்ந்து படிக்குது, அண்ணே?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களா?" என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "நிறைய" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் யாரும் எழவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள். எனக்குத் தெரியும். தங்கையைக் கூப்பிடப் போகும்போது எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3 வரை பார்க்கலாம், அன்றும் யாரும் பேசாவிட்டால் ஆட்சேபம் விழுந்ததாக அர்த்தம், மனு ஐந்தாம் தேதி நகராட்சிக்குப் போகும் என்று தலைவர் முடித்தார். எல்லோரும் போன பிறகு, படி இறங்கும் முன் டாக்டரம்மா என் மேசைப் பக்கம் நின்றார்.

"நாப்பது வருஷம் வாயைப் பார்த்தே பிழைச்சவ நான். ரெண்டு கூட்டத்துலயும் அந்த வார்த்தைக்கு இந்த மேசையில ஒரு வாயும் அசையல" என்றார். கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

தெரிந்துவிட்டது அவருக்கு. சொல்லிவிடுவாரா? சொல்வதாக இருந்தால் நேற்றே சொல்லியிருப்பாரே. அப்படியென்றால் நான் சொல்ல வேண்டும் என்கிறாரா? ஐயோ, எனக்கு ஏன் இந்த வேலை? சும்மா 'மனு ஒருமனதாக ஏற்கப்பட்டது'ன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம்ல.

ஜூலை 25, வியாழன்

தங்கையிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு தன் வாசிப்பறையைப் பற்றிய விஷயம் என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீ எழுந்து பேசப்போறியா? அக்கா, பஸ்ல 'இறங்கணும்'னு சொல்ல முடியாம அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வர்றவ நீ."

"வேலை போயிடும்டி."

"போகும்" என்றாள். வேறு ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசிப்பறைக்குக் கிளம்பிவிட்டாள். ஆறரை மணி.

ஜூலை 30, செவ்வாய்

கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். அம்மா சமையல் பக்கமிருந்து, "யாருடி வந்திருக்கா?" என்றாள். அந்த அளவுக்காவது கேட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காய்ச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதுகிறேன்.

தலைவர் கேட்டார். யாரும் எழவில்லை. மூன்றாம் முறை கேட்டுவிட்டு, 'ஆட்சேபம் விழுந்தது' என்று எழுதிக்கொள்ளும்படி என் பக்கம் திரும்பினார். பேனா காகிதத்தில் இருந்தது. பேச வரவில்லை எனக்கு. எழுதத்தான் வந்தது. 'ஓர் உறுப்பினர் கூறியதாவது' என்று எழுதினேன். எழுதியதை வாய் தானாக வாசித்தது.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தலை தூக்கவில்லை. அடுத்த வரியை எழுதினேன், வாசித்தேன். அறுபது ஆண்டுகள். அடுத்த வரி. முப்பத்தொரு பிள்ளைகள், அதில் பதினெட்டு பெண்கள். அடுத்த வரி. ஒன்றரை அறை, ஏழரைக்கு அணையும் விளக்கு. அடுத்த வரி கொஞ்சம் நேரம் எடுத்தது. 'இதுவரை குறிப்பில் வந்த இரண்டு ஆட்சேபங்களும் கூட்டத்தில் யாரும் சொல்லாதவை. எழுதியவளே சேர்த்தவை. தவறு. வருந்துகிறாள்.' அதையும் வாசித்தேன். யாரோ, "கொஞ்சம் சத்தமா" என்றார்கள். மறுபடி முதலில் இருந்து வாசித்தேன். அதுதான் கொடுமை.

பிறகு மருந்துக்கடைக்காரர், "அப்ப அந்த ரெண்டாவது பாயின்ட்டும் நான் சொல்லலையா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவரைத்தான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஆட்சேபம் எழுந்துவிட்டது, எழுப்பியது யார் என்பது வேறு விஷயம் என்று கணக்கு வாத்தியார் வாக்கெடுப்பைக் கேட்டார். ஒன்பதுக்கு ஐந்து. வாசிப்பறை மனுவிலிருந்து எடுக்கப்பட்டது. திடல் விளக்குகள் மனுவிலேயே இருக்கின்றன. அதற்காக யாரும் வாதாடவில்லை. நானும் யோசிக்கவில்லை, பந்து விளையாடும் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. அதை நினைத்து இன்று கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பிறகு என் குற்றத்துக்கு வந்தார்கள். பொய்யான குறிப்பை அடித்துவிட வேண்டும் என்றார் ஒருவர். தலைவர் அதிர்ந்துபோனார். வாசித்து ஏற்றுக்கொண்ட குறிப்பில் கைவைத்த வழக்கம் இந்த மன்றத்தில் கிடையாது என்றார். அடிக்கவும் முடியாது, பொய்யை வைத்திருக்கவும் முடியாது.

"குறிப்பைத் திருத்த வேண்டாம். குறிப்பு சொல்றதை உண்மையாக்கிட்டாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "ஜூன் ஒண்ணாம் தேதியிலருந்து இவ உறுப்பினர்னு தீர்மானம் போடுங்க."

"ஆனா அன்னிக்கு இவ வாயால சொல்லலையே" என்றார் இன்னொருவர்.

தலைவர் யோசித்தார். குறிப்புத் தாள்களைக் கையில் எடை பார்த்தார்.

"சொல்லியிருப்பா" என்றார். "நமக்குக் கேட்டிருக்காது."

தீர்மானம் நிறைவேறியது. நான்தான் எழுதினேன். 'ஓர் உறுப்பினர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.' தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்று கண்டிப்பாகச் சொன்னார். தலையாட்டினேன். பிறகு குரலைத் தணித்து, வழக்கப்படி புது உறுப்பினர் ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார்.

இரண்டு வருடமாகக் கேட்க நினைத்த ஒன்று இருந்தது. வாசிப்பறை விஷயம் முடிவதற்கு முன்னால் அதைக் கேட்டிருந்தால் எனக்காகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதனால் இந்த இரண்டு மாதமும் அடக்கி வைத்திருந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். வாசிக்க எதுவும் இல்லாமல் பேசியது அப்போதுதான்.

"குறிப்பு எழுதுறதை இனிமே எல்லாருமா முறை வச்சுக்கலாமா ஐயா? எழுதிக்கிட்டே பேச முடியல."