இடதுபக்கக் கதவில் நாலு கீறல்

உ

துடியலூர்,
24.11.1996, ஞாயிறு.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கும் மாப்பிள்ளை கிருபாசங்கருக்கும் அப்பா எழுதிக்கொண்டது. இங்க நான், உங்கம்மா, கார் மூணு பேரும் அவிநாசியப்பன் புண்ணியத்துல சௌக்கியமா இருக்கறோம், அதுல ரெண்டு பேருக்கு மட்டும் ஒருத்தருக்கொருத்தர் ஆகறதில்ல, எந்த ரெண்டு பேருங்கறதைப் பின்னால எழுதறேன். அங்க மஸ்கட்டுல நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற எங்க குட்டியும் நல்லா இருக்கோணும்னு தினமும் சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். அஞ்சு மாசம் ஆச்சே, இன்னும் வாந்தி இருக்குதா, மோர் குடிக்கறயா, சத்து மாத்திரையை மறக்காமப் போடறயா. போன வாரம் உன் கடுதாசி வந்துச்சு. மாப்பிள்ளை புதுசாக் கார் வாங்கியிருக்காரு, அந்த ஊரு மணல்காத்துல பெயிண்ட்டை எப்பிடிப் பாத்துக்கறதுன்னு மாமாகிட்டக் கேளு, அவரு வண்டி ரெண்டு வருசமாகியும் நேத்து வாங்கின மாதிரி இருக்குதுன்னு சொன்னாருன்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சு எனக்கு ஒரு நிமிசம் தலையில கொம்பு முளைச்சுது கண்ணு, அடுத்த நிமிசம் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்த உங்கம்மா என்னை ஒரு பார்வை பாத்தா, முளைச்ச கொம்பு அப்பிடியே உள்ள போயிருச்சு.

மாப்பிள்ளைக்கு யோசனை சொல்றதுக்கு முன்னால அந்த யோசனை சொல்ற ஆளோட யோக்கியதையை நீ தெரிஞ்சுக்கோணும். வாங்கறப்பவே வெள்ளை வாங்குங்க, தூசி தெரியாது, கீறல் தெரியாதுன்னு பட்டறையில அத்தனை பேரும் சொன்னாங்க. நான் கேட்டனா, கருநீலம்தான் எடுப்பா இருக்கும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கினேன். தினமும் காலைல கணபதியில இருக்கற நம்ம தண்ணி மோட்டார் பட்டறைக்குப் போய்ப் பொழுதோட திரும்பி வர்ற வண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டுத் தூசியில பாதி அது மேலதான் இருக்கும். போர் தண்ணியில கழுவினா உப்புப் படியுதுன்னு, உங்கம்மா வரிசையில நின்னு புடிச்சு வெச்ச நல்ல தண்ணியில ரெண்டு குடத்தை எடுத்து வண்டிக்கு ஊத்தினவன் நானு. போன வருசம் உடுமலையில இருந்து உங்க மாமனார் ஆசையா ரெண்டு மூட்டை தேங்காய் குடுத்தாரே, டிக்கியில வெச்சா உரசிப்போடும்னு அதை பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு நான் வெறும் வண்டியில பின்னால வந்தேன். சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லலை, தங்கமான மனுசன், ஆனா இந்த வருசம் தேங்காய் வரலை. பட்டறைப் பசங்க எனக்கு வெச்சிருக்கற பேரு என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கறாங்க, பளபளப்பு அய்யனாம்.

இப்ப சொல்ல வேண்டியதுக்கு வாரேன், உங்கம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டா, அவளுக்கு என்னைக் காட்டிக் குடுக்கத் தெரியாது. ஐப்பசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, அவிநாசியில நம்ம சொந்தத்துல ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். உங்கம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சு, கையில தங்க வளையலுக்கு நடுவுல புதுசாக் கண்ணாடி வளையல் போட்டு வந்து நிக்கறா. அன்னைக்குக் காலைல வெயில் சாய்வா விழறப்பக் குந்த வெச்சு உக்காந்து பாத்ததுல, இடதுபக்கக் கதவுக் கைப்பிடிக்குக் கீழ நாலு கீறல், முடி மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு. வளையல் பட்ட கீறல். அவ கதவுல கை வெக்கப் போறப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா கண்ணு, எழுதவே கை கூசுது, ஏம்புள்ள, வளையலைக் கழட்டிப்போட்டு அப்பறமாக் கதவைத் தொடுன்னு சொல்லிப்போட்டேன். புருசன், வெள்ளிக்கிழமை அதுவுமா, கல்யாணத்துக்குக் கிளம்பற பொண்டாட்டியைப் பாத்து வளையலைக் கழட்டுங்கறான். நான் உயிரோட முன்னால நிக்கறேன், நானே சொல்றேன். வாசல்ல நின்ன பக்கத்தூட்டு தெய்வாத்தாக்கா, அய்யோ சாமின்னு வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிருச்சு. உங்கம்மா அழுகலை, சண்டை போடலை. கையைக் கதவுல இருந்து எடுத்தா, சரிங்கன்னா, நடந்து போய் பஸ் ஏறிட்டா.

அன்னையில இருந்து இன்னையோட முப்பது நாளாச்சு, உங்கம்மா அந்த வண்டியில ஏறலை. ஊட்டுல எல்லாம் நடக்குது, சோறு ஆக்கறா, கூப்பிட்டு வெச்சுப் போடறா, ஒரு குறை இல்ல. ஆனா அவளுக்குக் கோவம் வந்தா மரியாதை கூடும்னு உனக்குத் தெரியுமே. முன்ன சாப்பிட வாங்கன்னு சொல்றவ இப்ப சாப்பிட வாங்கங்கன்னு சொல்றா, போதுங்களான்னு கேக்கறவ போதுங்களாங்கன்னு கேக்கறா, அந்த ஒவ்வொரு ங்கவும் எனக்கு ஊசி குத்தற மாதிரி இருக்குது. தீபாவளிக்கு அவிநாசியில உங்க மாமன் ஊட்டுக்குப் போனோம், அவ பஸ்ஸுல, நான் வண்டியில அதே பஸ்ஸுக்குப் பின்னால. பஸ் நின்ன எடத்துலெல்லாம் நானும் நின்னேன். கண்டக்டர் எட்டிப் பாத்து, ஏனுங்க, முன்னால போங்க வழிதான் இருக்குதே, எதுக்குங்க எங்க பின்னாலயே வாரீங்கன்னு கேட்டாரு. என்னத்தைச் சொல்றது, வண்டி சூடாயிருச்சுங்கன்னேன்.

இதுகூடப் பரவாயில்ல. அவளுக்கு முட்டி வலி இருக்குதல்லோ, பத்து நாளைக்கு முன்னால நல்ல மழை, நான் பட்டறையில இருந்து வர்றப்ப அவ கவுண்டம்பாளையம் ஸ்டாப்புல நனைஞ்சுட்டு நிக்கறா, கையில ரெண்டு பை. நான் ஓரங்கட்டி ஹாரன் அடிச்சேன், கதவை உள்ள இருந்து தொறந்துகூட விட்டேன். பாத்தா, பாத்துட்டுப் பின்னால வந்த பஸ்ஸுல ஒரு கையால கம்பியைப் புடிச்சு முட்டியைத் தூக்க முடியாமத் தூக்கி ஏறிட்டா. பஸ் கிளம்பறப்பக் குழியில இருந்த சேறு மொத்தமும் என் வண்டி மேல அடிச்சுது. நான் உடனே இறங்கினேன். எதுக்குன்னு நினைக்கறே, சேறு எங்கெங்க பட்டிருக்குதுன்னு பாக்க. பொண்டாட்டி கூட்டத்துல நசுங்கிட்டுப் போறா, நான் நடுரோட்டுல மழையில நின்னு துண்டால கதவைத் தொடைக்கறேன். தொடைச்சுட்டே இருக்கறப்பத்தான் கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுது. சீ, இந்த மூஞ்சிக்கு ஒரு பொண்ணு, ஒரு மாப்பிள்ளை, அதுல ஒரு பேரப்புள்ள வேறன்னு என்னையே திட்டிட்டு ஊடு வந்து சேந்தேன்.

அப்பவும் புத்தி எங்க போகுது பாரு, அந்த நாலு கீறலை எடுத்துப்போட்டா சண்டையும் தீர்ந்துரும்னு தோணுச்சு. நம்ம மோட்டார் பாடிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கற சஹீரை உனக்குத் தெரியும், உக்கடத்துல கடை, உன்னைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவரு. அவருகிட்ட வண்டியைக் கொண்டு போய் உங்கம்மா வளையல் பட்டதைச் சொன்னேன். இடதுபக்கக் கதவைப் பாத்தாரு, இதுங்களாண்ணா, இது மேலாக்கதான், ஒரு அரை மணி நேர வேலைங்கன்னாரு. அதோட விட்டிருந்தாத் தேவலை. வாங்ணான்னு என்னைக் கூட்டிட்டுப் போய் வலதுபக்கக் கதவைக் காட்டினாரு, நான் தினமும் தொறக்கற கதவு. அங்க கீறலெல்லாம் இல்ல கண்ணு, உழவு ஓட்டியிருக்குது. என் கையைப் புடிச்சுத் திருப்பி, பரணி நகைக்கடையில வாங்கின அந்த நவரத்தின மோதிரத்தைக் காட்டினாரு. அப்பறம் பானெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. வெயில்ல சாஞ்சு பாருங்கன்னாரு, பாத்தா வட்ட வட்டமா ஆயிரம் கீறல். தினமும் யாருங்க தொடைக்கறதுன்னாரு, நான்தானுங்கன்னேன். எதுலீங்கன்னாரு, தோள்ல கெடக்கற துண்டை எடுத்து உதறிக் காட்டினேன், உதறினதுல பறந்த தூசியில ரெண்டு பேரும் இருமினோம். ஏனுங்ணா, தண்ணி ஊத்தாமக் காஞ்ச தூசி மேல துண்டைப் போட்டுத் தேச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதானுங்க, இந்த வண்டியில இருக்கற கீறல்ல நாலே நாலு அக்கா போட்டது, மிச்சம் அத்தனையும் நீங்க பாசமாப் போட்டதுங்கன்னு சிரிக்காமச் சொன்னாரு. கோயமுத்தூர்க் குசும்பு, சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

சஹீர் சொன்னதை மாப்பிள்ளைக்கு அப்பிடியே எழுதறேன், இது என் யோசனை இல்ல, அதனால தைரியமா நம்பலாம். காஞ்ச தூசியைக் கையால தொடவே வேண்டாம், மொதல்ல நெறையத் தண்ணி ஊத்தி மணலை எறக்கி உட்டுட்டு, அப்பறம் பழைய மெத்துத் துணியில மேலிருந்து கீழ கழுவோணும், துணியை வேற பக்கெட்டுல அடிக்கடி அலசோணும். வெயில்ல வெச்சுக் கழுவக் கூடாது. காக்கா எச்சம் பட்டாச் சொரண்டாம ஈரத்துணியைச் சித்த நேரம் போட்டு வெச்சு எடுத்தாப் போதும். மூணு மாசத்துக்கொருக்கா மெழுகு போட்டா மழைத் தண்ணி நிக்காம ஓடிரும். சும்மாச் சும்மா பாலிஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, பளபளப்பு வருதுன்னு நாம நினைக்கறோம், பெயிண்ட்தான் தேஞ்சு போகுதாம். கல்லு தெறிச்ச எடத்துல துரு ஏறாம ஒரு பொட்டுப் பெயிண்ட் வெச்சுட்டு மறந்துரோணும். தினமும் ரோட்டுல ஓடற வண்டிக்குக் கீறல் விழத்தானுங்க விழும், ஓடாத வண்டிதான் கீறாம இருக்கும், ரோட்டுல போறவங்க பாத்தா சுத்தமா இருக்குதான்னு மட்டும் பாருங்க, குந்த வெச்சுப் பாக்காதீங்கன்னு சொன்னாரு. இடதுபக்கக் கதவுக் கீறலை எடுத்துரட்டுங்களான்னு கேட்டாரு. வேண்டாம், அது அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்ததும் வராததுமா அந்த மோதிரத்தைக் கழட்டினேன். சோப்புப் போட்டுத்தான் கழண்டுச்சு, நாலு வருசத்துல விரல் அவ்வளவு பெருத்திருக்குது. சமையல்கட்டுல போய் உங்கம்மா முன்னால வெச்சு, ஏம்புள்ள, கழட்ட வேண்டியவன் நான்தான், தப்புச் செஞ்சுபோட்டேன்னு சொன்னேன். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இப்பத்தான் மொதோ தடவை அந்த வார்த்தை என் வாயில வந்திருக்குது, எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. அவ மோதிரத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, மோதிரத்தைக் கழட்டிட்டீங்க சரிங்க, நாக்கை என்னங்க பண்ணுவீங்கன்னு கேட்டா. அப்பறம் அடுப்பைப் பாத்துட்டே சொன்னா, எனக்கு ஒண்ணுமில்லீங்க, எனக்குப் பழகிப்போச்சு, தை மாசம் உடுமலையில புள்ளைக்கு வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கட்டிப் போய் அவளைக் கூட்டிட்டு வரோணும், ரெண்டு கை நெறைய வளையலோட எம்புள்ள வந்து அந்தக் கதவுகிட்ட நிப்பா, அன்னைக்கு உங்க வாயில என்ன வரும்னு நினைச்சாத்தானுங்க எனக்குப் பயமா இருக்குதுன்னா. நான் கொல்லைக்குப் போய் அழுதேன் கண்ணு, ஒளிக்க என்ன இருக்குது.

அதனால அம்மணி, அப்பா உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு யாரும் உனக்குக் கதவைத் தொறந்து விட மாட்டாங்க, நான் விட மாட்டேன். முழங்கை வரைக்கும் வளையலோட நீயே உன் கையால இடதுபக்கக் கதவைத் தொறந்து ஏறோணும், எத்தனை கீறல் வேணாலும் விழட்டும். நீ ஏறினா உங்கம்மாவும் பின்னாலயே ஏறிருவான்னு ஒரு நம்பிக்கை. சம்பந்திகிட்ட இந்தத் தடவை தேங்காய் மூட்டையைக் கேட்டு வாங்கி டிக்கியில நானே ஏத்தறேன். நான் எழுதிக் கேட்டிருந்த பாலிஷ் டப்பா மூணும் வேண்டாம், மெழுகு டப்பா ஒண்ணு போதும், அந்த எடத்துல உங்கம்மா முட்டிக்குத் தைலம் ஏதாச்சும் கொண்டா. கனமானதைத் தூக்காதே, ஸ்டூல் மேல ஏறாதே, மாப்பிள்ளை வண்டியை அழுத்தி ஓட்ட வேண்டாம்னு அப்பா சொன்னேன்னு சொல்லு. ரெண்டு பேரும் நூறு வருசம் வாழோணும், நீ பூவும் பொட்டும் கை நெறைய வளையலுமா இருக்கோணும், குட்டி சுகமா வந்து சேரோணும். டிக்கெட் தேதியை மறக்காம எழுது.

இப்படிக்கு,
மோதிரம் இல்லாத கையால்,
உன் அப்பா
துடியலூர் திருமலைசாமி

லோகா கண்ணு, இது அம்மா எழுதறது. இன்னைக்குத் திங்கக்கிழமை. உங்கப்பா தபாலாபீசுக்குள்ள ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காரு, கவரை எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு, எடுத்துப் படிச்சுப்போட்டேன். நேத்துப் பொழுதன்னைக்கும் உக்காந்து எழுதி எழுதிக் கிழிச்சுட்டு இருந்தாரு, அப்பிடி என்னத்தை எழுதறாருன்னு தெரிஞ்சுக்கோணும்னுதான் கூடக் கிளம்பி வந்தேன். எழுதினதெல்லாம் நெசந்தான், ஒண்ணு மட்டும் தப்பு. இடதுபக்கக் கதவுல நாலு கீறல் இல்ல, அஞ்சு. அஞ்சாவது இன்னைக்குக் காலைல வண்டி ஏறறப்ப நான் போட்டது. பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான் இருந்தாரு. நாக்கு உள்ளயே இருந்துச்சு.

அம்மா
சென்னியம்மாள்