வாப்பா சொல்ல மறுத்த பெயர்

அன்புள்ள தம்பி முஈனுக்கு,

அக்கா ருகையா எழுதிக்கொள்வது. நீயும் ஜீனத்தும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் இருக்க வேண்டும். முந்தாநாள் என் முத்திரையோடு உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். எழுதியது என் கைதான், சொற்கள் என்னுடையவை அல்ல. வாப்பா காய்ச்சலில் மவுத்தானார் என்று அதில் இருப்பது பொய்.

பிதார் சுல்தானின் ஆளுநராகப் பதினொரு வருஷம் இந்தக் கோட்டையை ஆண்ட உன் மச்சான், இனி தானே சுல்தான் என்று முடிவுசெய்தார். ஜும்ஆ பிரசங்கத்தில் யார் பெயர் ஒலிக்கிறதோ அவரே சுல்தான்; பிரசங்கம் செய்பவர் வாப்பா, போன வெள்ளிக்கிழமை அவர் உன் மச்சானின் பெயரைச் சொல்ல வேண்டும். வாப்பா மிம்பர் மேடையின் படிகளில் ஏறினார். பழைய சுல்தானின் பெயரையே சொல்லி துஆ கேட்டார். பெண்கள் பக்கத்து ஜாலிக் கல்திரையின் துளை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மச்சான் எழுந்து, "மாமா, ஒரே ஒரு பேருதானே, மாத்திச் சொல்லுங்க" என்றார்.

வாப்பா சிரித்தார். "ஒரே ஒரு பேருதானே மாப்பிள்ளே, நீங்களே விட்டுக்கொடுத்துடுங்களேன். பிதார்ல இருக்கறவர் இன்னும் உசுரோட இருக்கார்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். படைத்தலைவன் சஞ்சர் வாளை உருவியதை நான் பார்க்கவில்லை, வாப்பா மூன்றாம் படியில் சரிந்ததைத்தான் பார்த்தேன். தலைப்பாகை அவிழ்ந்து ரத்தத்தில் கிடந்தது. ஒருவரும் எழவில்லை. வேறொருவர் வாப்பாவின் உடலைத் தாண்டி மேலேறி, புதுப் பெயரைச் சொன்னார். அப்படியே தொழுதார்கள். முதல் வரிசையில், சஜ்தாவில் தரையைத் தொட்ட நெற்றிகள் சிவந்திருந்தன.

பிறகு முரசு அடித்தார்கள். பிதாருக்கு வேண்டியவர்கள் என்று பெயர்பெற்ற வீடுகள் மூன்று நாள் எரிந்தன. சிரித்தவனின் தலை தெற்கு வாசலில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமையே, அஸர் தொழுகைக்குப் பின் இவர் என் மடியில் முகம் புதைத்து அழுதார். நம்பு, உண்மையாகவே அழுதார். "நான் வெட்டச் சொல்லலே ருகையா. ஆனா வெட்டினவனைத் தண்டிச்சா, நாளைக்கு எனக்காக யாரு வாளை எடுப்பா?" என்றார். மறுநாள் சஞ்சருக்குப் பட்டு அங்கியும் குதிரையும் கொடுத்தார். வாப்பாவின் கபர் மேல் பெரிய குவிமாடம் எழுப்பப்போகிறார்களாம். அரண்மனை எழுத்தர் காய்ச்சல் என்று எழுதி முடித்துவிட்டார். நூறு வருஷம் கழித்து வருகிறவர்கள் குவிமாடத்தையும் பார்ப்பார்கள், அந்த ஏட்டையும் படிப்பார்கள்.

என் மகன் அஸதுக்கு ஏழு வயது. எல்லாவற்றையும் பார்த்தான், அழவில்லை. "நன்னா ஏம்மா சொன்னதைக் கேக்கலே?" என்று தாத்தாவைப் பற்றிக் கேட்டான். நேற்று தன் பொம்மைக் குதிரை வீரனின் கழுத்தை ஒடித்து, மற்ற பொம்மைகளை அதன் முன் மண்டியிட வைத்திருந்தான். பட்டத்து இளவரசன் என்று எல்லோரும் பூரித்தார்கள்.

இப்போது உன் விஷயம். பெருநாள் விருந்துக்கு இருபது பேரோடு வா, உனக்கு ஒரு தீங்கும் வராது, குர்ஆன் மேல் சத்தியம் என்று அந்தக் கடிதத்தில் இருக்கும். வராதே. ஆற்றுத்துறையில் சஞ்சர் காத்திருப்பான், திரைக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன். நீ வராவிட்டால், மழை நின்றதும் இவர் படை யானைகளோடு, பிதாருக்காக நீ காக்கும் கோட்டைக்கு வரும். முடிந்தால் ஜீனத்தையும் பிள்ளைகளையும் துறைமுகத்துக்கு அனுப்பிவிடு. உன்னைப் போ என்று சொன்னால் கேட்கமாட்டாய், நீயும் வாப்பாவின் பிள்ளைதான்.

இதைக் கொண்டுவரும் வளையல்காரி நம்பிக்கையானவள். படித்ததும் எரித்துவிடு.

யார் ஜெயிக்க வேண்டும் என்று துஆ கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை, முஈன். உனக்காகக் கையேந்தினால் இவர் முகம் வருகிறது, இவருக்காக ஏந்தினால் மூன்றாம் படி வருகிறது. ஒருவேளை நீ ஜெயித்து இந்த வாசலுக்குள் வந்தால், உன் ஆட்கள் முதலில் தேடுவது என் மகனைத்தான். அவனுக்கு வாப்பாவின் நெற்றி, வாப்பாவின் மூக்கு. வாளை ஓங்குவதற்கு முன் ஒரு தரம் அவன் முகத்தைப் பார்.

அல்லாஹ் உன் கையைக் காப்பானாக.

உன் அக்கா,
ருகையா