உறைபெட்டியில் மூன்று நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மின்கலத்துக்காக நாங்கள் செய்யும் கிராஃபீன், கண்ணுக்கே தெரியாத மெல்லிய கரித் தாள்கள். அடுப்பில் உலர்த்தினால் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மின்சாரம் தங்க இடமிருக்காது. ஒருமுறை மட்டும் ஈரக் கூழை உறைபெட்டியில் வைத்துவிட்டு மூன்று நாள் நான் லேப்புக்கே போகவில்லை. பிறகு அதை உருகவிடாமல், காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் உலர்த்தினேன். பனி இருந்த இடமெல்லாம் பொந்து பொந்தாக நின்றுவிட்டது. தாள்கள் ஒட்டவில்லை. இரண்டு மடங்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்தது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "அன்னைக்கு என்னம்மா புதுசா பண்ணின? கட்டுரையில எழுதணும்ல" என்றார்.

"மறந்துபோய் அப்படியே விட்டுட்டேன் சார்."

"நல்ல மறதிம்மா! அடிக்கடி மறந்து போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்பா போயிட்டாரு. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாதுடி" என்று அண்ணன் போனில் சொன்னானே, அதற்கடுத்த மூன்று நாள்தான் அது. கட்டுரையில் 'எழுபத்திரண்டு மணி நேரம் உறைய வைக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லேப்பில் கை துடைக்கத் துணி இல்லை. அப்பாவின் பழைய சட்டை ஒன்று அனுப்பு. பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்

பி.கு.: சட்டையைத் துவைத்துவிடாதே.