சீந்தில் சாற்றை நிறுத்துங்கள்

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள அப்பா,

நான் சுகம். கபோ சந்தையில் மரக்கறி வாங்கி ஒழுங்காகச் சமைக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி?

எங்கள் ஆய்வுகூடத்தில் சீந்தில் கொடிச் சாறு புற்றுநோய்க் கலங்களைக் கொன்றதென்று போன மாதம் சந்தோசத்தில் சொன்னேன். அம்மா தன் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் தந்த மருந்தை விட்டுவிட்டு, "இது என்ரை பிள்ளை கண்டுபிடிச்ச மருந்து" என்று அதையே குடிக்கிறாவாம். தம்பி விதுரன் சொன்னான்.

அப்பா, நேற்று அதே சாற்றை நல்ல கலங்களிலும் விட்டுப் பார்த்தோம். அவையும் செத்துவிட்டன.

நானே வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, முடிந்துவிட்டது, புதியது கிடைக்குமுன் வெளிக்கிட்டால் திரும்ப விடுவார்களோ தெரியாது. சாற்றை நிறுத்தி நீங்கள்தான் கூட்டிப் போகவேண்டும். அம்மாவின் கிளினிக் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள், அடுத்த கிளினிக் திகதியையாவது பார்க்கிறேன். இங்கே ஆய்வுகூடக் கதவைப் பூட்டப் போகிறார்கள்.

அம்மா மறுத்தால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று நானே சொல்கிறேன்.

உங்கள் மகள்,
கிருசாந்தினி