கத்தியில் ஒட்டியது

ஜூன் 9, திங்கள்

சாரல் ஆரம்பித்துவிட்டது. புகையிலை நமத்துப்போகாமல் சாக்கைப் போட்டு மூடினேன். மதியம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். "முழு இலையா இருக்கிறவரைக்கும் வெவசாயச் சரக்கும்மா. அரிஞ்சு பொட்டலம் போட்டா தடை செஞ்ச சரக்கு. அன்னைக்கே சீல்" என்றார். எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாக என் கடையில் புகையிலை மேல் கத்தி பட்டதில்லை. பல் போன நல்லதம்பி அண்ணாச்சிக்குக்கூட நகத்தால் கிள்ளித்தான் கொடுக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

உதடு கிழிந்துவிட்டது. தாளில் சொட்டுகிறது, சொட்டட்டும்.

கடையின் பின்னறையில் என் கொழுந்தன் இசக்கிதுரை உட்கார்ந்து கத்தியால் இலையைப் பொடிசாக அரிந்துகொண்டிருந்தான். சீசன் கூட்டமாம், ஐந்தருவிக் கடைகளுக்குப் பொட்டலமாம். என் கடையில், என் இலையை! அத்தனையையும் அள்ளிச் சாக்கடையில் கொட்டினேன். "நீ யாருட்டி கேக்க?" என்று முடியைப் பிடித்து ஷட்டரில் என் முகத்தை மோதினான். இரண்டு தடவை. மதினி, மதினி என்று சோறு கேட்ட வாய். அவன் விரலையும் சேர்த்து அரிந்திருக்க வேண்டும் நான்.

ஜூன் 18

வீட்டுக்காரர் தம்பியிடம் கேட்கப் போனார். இப்போது பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"எம் பொண்டாட்டி மேல கை வச்சியாலே?" என்றதுதான். அதே பின்னறை, அதே கத்தி. விலாவில் ஒரு குத்து, முழங்கையில் ஒரு வெட்டு. நான் செங்கல்லை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். கத்தியை விட்டுவிட்டு ஓடினான். இன்னும் ஓங்கிப் போட்டிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

அவனைப் பிடித்துவிட்டார்கள். இவர் விலாவை ஷட்டர் தகரம் கிழித்தது என்று சாதிக்கிறானாம். பார்த்தது நான் ஒருத்திதான். "ஆயுதம் எங்கம்மா?" என்றார் எஸ்.ஐ. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பொய். வீட்டு அலமாரியில் இருக்கிறது. அலகு முழுக்க இவர் ரத்தம், அதில் ஒட்டிக் காய்ந்த புகையிலைத் தூள். கொடுத்தால், என் கடையில் அரிந்ததற்கு அதுவே சாட்சி. கொடுக்காவிட்டால் அவன் வெளியே வருவான். அடுத்த குத்து எங்கே? கழுத்திலா?

"தூளக் கழுவிட்டுக் குடுட்டி. கடையும் போச்சுன்னா என்ன செய்ய?" என்கிறார் இவர், மூச்சு வாங்க.

தூளை மட்டும் எப்படிக் கழுவ? ரத்தமும் சேர்ந்துதானே போகும்.

ஜூன் 21

குழாயைத் திறந்தேன். மூடினேன்.

ஜூன் 23, திங்கள்

கழுவாமலே கொடுத்தேன். எஸ்.ஐ. மோந்து பார்த்தார். "என்னம்மா, புகையில வாடை அடிக்குது?"

"ஆமா சார். எங் கடைல வச்சு அரிஞ்சதுதான். எழுதிக்கிடுங்க."

ஜூலை 4, வெள்ளி

இசக்கிதுரை ஜெயிலில். கடைக்கு சீல். இவருக்குத் தையல் பிரித்தாயிற்று. என்னோடு இன்னும் பேசவில்லை.

நல்லதம்பி அண்ணாச்சி கடையைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். வீட்டில் ஒரே ஓர் இலை கிடந்தது. வழக்கம்போலக் கிள்ளித் தரச் சொல்லிக் கையை நீட்டினார். இலையில் நகத்தை வைத்தேன். கத்தியில் காய்ந்திருந்த தூள்தான் கண்ணில் வந்தது; நகத்தை எடுத்துவிட்டேன். முழுசாகவே அவர் கையில் வைத்து, "நீங்களே கிள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன்.